சலைன் டியூபுக்குள் ஒரு வயர்

சிஸ்டர்,

போன வாரம் காரைப் பட்டறையில் விட்டிருந்தேன். பின் சக்கரத்தில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன மேடம், வண்டிக்கு டிரிப் ஏத்தியிருக்கீகளா?"

நானும் குனிந்து பார்த்தேன். பெட்ரோல் டேங்கை ஒட்டி, புழுதி அப்பி மஞ்சளாகிப்போன சலைன் டியூப் ஒன்று ஓடியது. அதற்குள் பச்சை வயர்.

"யாரு செஞ்ச வேலை இது?"

"ஒரு நர்ஸ்."

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். "மாத்திரவா? முறையா ஸ்லீவ் போட்டுத் தாரேன்" என்றார். வேண்டாம் என்றேன். வயரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "கிண்ணுன்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தின் பக்கம் போய்விட்டார்.

அன்றிலிருந்து உங்களிடம் பேச வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஞாபகம் வந்ததால் மட்டும் அல்ல. உங்களுக்குச் சொல்ல வேண்டிய தகவல் ஒன்று என்னிடம் இருக்கிறது. கடைசியாக நீங்கள் போர்வை சுற்றி என் வண்டியில் ஏற்றிவிட்ட இரண்டு பேரும் என்ன ஆனார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு நோயாளியை அனுப்பிவிட்டால் மறுநாள் விசாரிக்காமல் இருக்கமாட்டீர்கள். விசாரிக்க நீங்கள் இல்லை. அதனால் நானே சொல்கிறேன்.

நாம் பழகியது ஒரு மழை நாளில். விருதுநகர் பஸ் நிறுத்தத்தில் வெள்ளைச் சேலை நனைந்துவிடக் கூடாதென்று ஒரு கடை ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றிருந்தீர்கள். சிவகாசி பஸ் எதுவும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்தி, "ஆஸ்பத்திரிக்கா? ஏறுங்க" என்றேன். ஏறியதும் முதல் வேலையாக நனைந்த செருப்பைக் கழற்றித் தனியாக வைத்தீர்கள். "சீட்டு நனைஞ்சிரும் டீச்சர்" என்றீர்கள். நான் டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "முன்னால சாக்பீஸ் டப்பா இருக்கே" என்றீர்கள். அன்று தொடங்கி நீங்கள் எனக்கு சிஸ்டர், நான் உங்களுக்கு டீச்சர். அத்தனை வருஷம் ஒரே வண்டியில் போய்வந்தும், வீட்டுக் கஷ்டமெல்லாம் பேசித் தீர்த்தும், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. ஒருத்தரை ஒருத்தர் 'நீ' என்று சொன்னதும் இல்லை.

நீங்கள் தீக்காய வார்டு. அங்கே நடப்பதை வண்டியில் பேசமாட்டீர்கள். சில நாள் சாயங்காலம் ஏறி உட்கார்ந்ததும், "இன்னைக்குப் பேச வேணாம் டீச்சர்" என்பீர்கள். அது போதும் எனக்கு. ஆமத்தூர் தாண்டும்வரை இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவோம். ஊருக்குள் நுழையும்போது நீங்களே, "காய்கறி வாங்கணும், கொஞ்சம் நிறுத்துவீகளா?" என்பீர்கள். அதற்குள் முகத்தைத் துடைத்து முடித்திருப்பீர்கள்.

இந்த வண்டி அப்போதே பழசு. என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிவிட்டு வெளியூர் வேலைக்குப் போனபின் என் தலையில் விழுந்தது. ஒரு கோடையில் அது புது வியாதி ஒன்றைப் பிடித்துக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திணறும், இரண்டு தரம் உதறும், நின்றுவிடும். பெட்ரோல் மூடியைத் திறந்தால் 'புஸ்'ஸென்று காற்றை உள்ளே இழுக்கும். மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். அப்போது நான் காட்டிய மெக்கானிக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மூடிய லேசா லூஸா வச்சு ஓட்டுங்க மேடம், பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார். நானும் அப்படியே ஓட்டினேன். வண்டி நிற்கவில்லை. ஆனால் உள்ளே எந்நேரமும் பெட்ரோல் வாடை.

நீங்கள் இரண்டு நாள் பொறுத்தீர்கள். மூன்றாம் நாள் நமக்கு முன்னால் பட்டாசு லோடு ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாய் கட்டி, பின்னால் சிவப்புத் துணி தொங்கியது. நீங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு மூக்கைச் சுளித்தீர்கள்.

"டீச்சர், வண்டிய ஓரங்கட்டுங்க."

"என்ன சிஸ்டர், வாந்தி வருதா?"

"அந்த லாரி போகட்டும். நம்மகிட்ட பெட்ரோல் வாடை, அவங்கிட்ட வெடிமருந்து. நடுவுல ஒரு பீடித்துண்டு போதும். நான் பாக்கிற வார்டு போதும் டீச்சர், அங்கன நீங்களும் வந்து படுக்க வேணாம்."

நீங்கள் சிரிக்காமல் சொன்னது எனக்கு உறைத்தது. அன்று ராத்திரி அந்த வண்டியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் போனில் தேடிப் படித்தேன். படித்ததை மறுநாள் உங்களுக்கு வகுப்பு எடுத்தேன். டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்கு வெளிக்காற்று போக வேண்டும். பெட்ரோல் ஆவியோ வெளியே போகக் கூடாது. அதைப் பிடித்துவைக்க ஒரு கரிப்பெட்டி உண்டு. அதற்குக் காற்று போகிற வழியில் ஒரு வால்வு. கரண்ட் வந்தால் மூடிக்கொள்ளும், வராவிட்டால் திறந்தே இருக்கும். நம்முடையது எப்போதும் மூடியே கிடக்கிறது.

"அப்ப டேங்குக்கு மூச்சு முட்டுது" என்றீர்கள். "சொல்லுங்க, எங்கன இருக்கு அந்த வால்வு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் மாதா கோயிலுக்குப் போய்வந்து, நல்ல சேலையை மாற்றிவிட்டு, உங்கள் வீட்டுக்காரரின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு தெருவில் வந்து நின்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர் சிவகாசியில் காலண்டர் பைண்டிங் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, அடியில் கல்லும் முட்டுக் கொடுத்துவிட்டு, "பாத்து செய்ங்க" என்று மட்டும் சொன்னார். பேட்டரி வயரைக் கழற்றினோம். என்னிடம் எட்டாம் வகுப்புக்கு மின்சுற்று நடத்துகிற சாமான் இருந்தது. டார்ச் செல் ஒன்று, குட்டி பல்ப் ஒன்று. நீங்கள் தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினீர்கள். நரம்பு கிடைக்காத குழந்தைகளுக்கெல்லாம் ஊசி போட்டுப் பழகிய விரல்.

"இங்கன சொரசொரன்னு இருக்கு. எலி வேலை."

எலி வயரின் தோலைத் தின்றிருந்தது. உள்ளிருந்த செம்பு, வண்டியின் இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் செல்லையும் பல்ப்பையும் சேர்த்து, ஒரு முனையை அந்த வயரிலும் மறுமுனையை இரும்பிலும் வைத்தேன். மினுக்கென்று எரிந்தது. அது எரியவே கூடாது; அந்த வயர் இரும்பைத் தொட்டால்தான் வால்வின் மின்சுற்று முழுதாகும். சாவியைத் திருப்பின நேரமெல்லாம் வால்வுக்குக் கரண்ட் போய் மூடிக்கொண்டிருந்தது அதனால்தான். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் தெருவிலேயே கை தட்டினேன். "பரீட்சையில பாஸாயிட்டீக" என்றீர்கள்.

கெட்ட துண்டை வெட்டி எடுத்தோம். கடையில் கிடைத்தது பச்சை வயர்தான். பற்றவைத்து ஒட்டலாமா என்று கேட்டேன். "டேங்குப் பக்கத்துல நெருப்பே வேணாம்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டீர்கள். செம்புக் குழல் வைத்து நெருக்கி, டேப் சுற்றினீர்கள். மறுபடி எலி கடிக்காமல் இருக்க ஒரு உறை வேண்டும். நீங்கள் பைக்குள்ளிருந்து, தேதி முடிந்து ஒதுக்கின புது சலைன் டியூபை எடுத்தீர்கள். முகப் பவுடரைத் தொட்டுத் தொட்டு வயரை அதற்குள் நுழைத்தீர்கள். ஒரு முழம் போவதற்குள் உங்கள் மூக்கெல்லாம் பவுடர். பிறகு ஆமத்தூர்வரை ஓட்டிப் போய், பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தோம். சத்தமே இல்லை. திரும்பி வரும்போது எண்ணெய் பரோட்டா வாங்கி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தின்றோம். வண்டிக்குள் அதன் வாடையைத் தவிர வேறு வாடை இல்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்த நாட்களில் அதுதான் பெரிய நாள் என்று இப்போது தோன்றுகிறது.

அதே வருஷம் தீபாவளிக்கு முந்தின சீசன். காலாண்டுத் தேர்வு நடந்ததால் எனக்கு மதியமே பள்ளி முடிந்தது. உங்களுக்குக் காலை ஷிஃப்ட். ரோட்டில் நெரிசல் என்று ஆனைக்குட்டம் பக்கமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். உங்கள் மகளுக்கு வரன் பார்க்கிற பேச்சு. பையன் நல்ல பையன், ஆனால் வேலை சென்னையில், அவ்வளவு தூரம் அனுப்பணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்தச் சத்தம்.

காதால் கேட்டதைவிட நெஞ்சில் இடித்ததுதான் அதிகம். கருவேலங்காட்டுக்கு மேலே வெள்ளையும் கறுப்புமாகப் புகை எழும்பியது. அதற்குள் சின்னச் சின்ன வெடிகள், அப்பளம் நொறுங்குவது மாதிரி. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் கையைக் காட்டினீர்கள். நான் மண்ரோட்டில் திருப்பினேன்.

பட்டாசுக் கம்பெனி வாசல் தெரிந்ததும், "இங்கனயே நிறுத்துங்க. பெட்ரோல் வண்டி, கிட்ட போகக் கூடாது. காத்து அந்தப் பக்கம் அடிக்குது, வண்டிய திருப்பி வைங்க" என்றீர்கள். நான் திருப்புவதற்குள் இறங்கி ஓடிவிட்டீர்கள்.

வேப்பமரத்தடியில் இரண்டு பெண்களைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். ஒருத்தி வயதானவள், இன்னொருத்தி சின்னவள். சுற்றி நின்றவர்கள் அழுதார்களே தவிர ஒருத்தருக்கும் கை ஓடவில்லை. ஒரு ஆள் பெரியவளின் சேலையை உருவப் போனான். "ஒட்டின துணியப் பிய்க்காத! தண்ணி கொண்டா, நல்ல தண்ணி!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் எல்லாருக்கும் உயிர் வந்தது. குடத்தோடு ஓடினார்கள். வண்டியில் இருந்த துவைத்த போர்வையை இரண்டாகக் கிழித்து, நனைத்து இரண்டு பேரையும் சுற்றினீர்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சீசன் நெரிசலில் அது எங்கே நிற்கிறதோ.

"டீச்சர், நீங்க கொண்டு போயிருங்க. இவங்களுக்கு நேரமில்ல."

பின் சீட்டில் ஏற்றினோம். நீங்கள் முன்னால் ஏறுவீர்கள் என்று கதவைத் திறந்து வைத்தேன். அப்போது ஷெட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. வார்த்தை எதுவும் இல்லை. குரல் மட்டும். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பினீர்கள்.

"சிஸ்டர், வேணாம். உள்ள இன்னும் மருந்து இருக்கும்."

"ஒரு எட்டு பாத்துட்டு அடுத்த வண்டியில வாரேன். இவங்ககிட்ட பேச்சு குடுத்துக்கிட்டே போங்க. தூங்க விடாதீக."

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, போ!" என்றீர்கள்.

நான் போனேன்.

மண்ரோடு முடிந்து தார்ரோட்டில் ஏறும்போது இரண்டாவது சத்தம் கேட்டது. முதல் சத்தத்தைவிடப் பெரியது. கண்ணாடியில் பார்த்தேன். வேப்பமரம் தெரியவில்லை. எங்கும் புகை. என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னாலிருந்து சின்னவள், "டீச்சர், நிறுத்தாதீக" என்றாள். அப்போதுதான் அவளுக்கு என்னைத் தெரியும் என்று தெரிந்தது.

"ஒம் பேரு என்னம்மா?"

"முத்துமாரி. எம்மவ ஒங்ககிட்டத்தான் படிக்கா. எட்டாப்பு."

மகள் பெயரைக் கேட்டேன். என்ன பாடத்தில் கெட்டிக்காரி, வீட்டில் அடங்கி இருப்பாளா, என்ன தின்னப் பிடிக்கும் என்றெல்லாம் கேட்டேன். எனக்குத் தெரிந்ததையே கேட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் வெகுதூரம் போய்த் திரும்பி வந்தாள். பெரியவள் செல்லம்மாள் பேசவில்லை. முனகல் கேட்கும்வரை இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி ஒரு இடத்திலும் திணறவில்லை, உதறவில்லை. மூடி இறுக்கமாக இருந்தது. மருந்து அப்பிய சேலையோடு இரண்டு பேர் பின்னால் கிடந்தார்கள், பெட்ரோல் வாடை துளியும் இல்லை. நீங்கள் விட்டிருந்தால் நான் மூடியை லூஸாகவே வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

உங்கள் வார்டு ஆட்கள்தான் வந்து தூக்கினார்கள். உங்களிடமிருந்து மதிய ஷிஃப்ட் வாங்கின அந்தச் சின்ன நர்ஸ், வழக்கம்போல முன் சீட்டை எட்டிப் பார்த்தாள். "சிஸ்டர் எங்க?" என்றாள்.

"அங்கன இருக்காங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்ல?

சாயங்காலம் உங்களைக் கொண்டுவந்தார்கள். நீங்கள் தேடிப் போன அந்தப் பெண்ணும் நீங்களும் பட்டாசு காயவைக்கிற மேடைக்குப் பக்கத்தில் கிடந்தீர்களாம். அவளைப் பாதி தூரம் இழுத்து வந்திருந்தீர்களாம். என்னைப் பார்க்க விடவில்லை. கோயிலிலும் பெட்டியைத் திறக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் மூடின பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் எடுக்கவில்லை. உங்கள் மகள்தான் அந்தக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

வந்தவர்களில் சிலர் என்னிடம் கேட்டார்கள். சத்தம் கேட்டதும் திரும்பிப் போயிருக்கக் கூடாதா என்று. கேட்டவர்கள் யாரும் அந்தப் பின் சீட்டில் கிடந்ததைப் பார்க்கவில்லை. நான் அந்தக் கேள்வியை எனக்குள் வைத்துக்கொள்ளவில்லை சிஸ்டர். அதை வைத்துக்கொண்டால் முத்துமாரியை நீங்கள் என்னிடம் கொடுத்ததற்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

இனி நீங்கள் கேட்க வேண்டியது. செல்லம்மாள் பிழைக்கவில்லை. சில நாள் இருந்தார். உங்கள் வார்டில் ஒரு குறையும் வைக்காமல் பார்த்தார்கள். கடைசியில் வலி தெரியாமல்தான் போனார் என்று அந்தச் சின்ன நர்ஸ் சொன்னாள். அப்படித்தான் சொல்லச் சொல்லி நீங்கள் அவளுக்குப் பழக்கியிருப்பீர்கள் என்றும் எனக்குத் தெரியும்.

முத்துமாரி பிழைத்துவிட்டாள். மாதக்கணக்கில் படுத்திருந்தாள். கழுத்தும் இடது கையும் இழுத்துக்கொண்டுவிட்டன. இரண்டு விரல் மடங்காது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உங்கள் கல்லறை எங்கே என்று கேட்டாள். கூட்டிப்போனேன். மல்லிகைப் பூவை வைத்துவிட்டு, கும்பிடுவதா சிலுவை போடுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையைத் தூக்கியபடி நின்றாள்.

இதோடு முடித்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் உங்களிடம் பாதியைச் சொல்லி ஏமாற்ற முடியாது. அடுத்த சீசன் தொடங்கினதும் ஒருநாள் காலை கம்பெனி வேனில் அவளைப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் கழுத்தை மூடியிருந்தாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கே போய்விட்டேன். எனக்குக் கோபம்.

"ஏன்மா, அம்புட்டு பட்டும் திரும்பவும் அங்கனயா?"

அவள் கோபப்படவில்லை. எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். மடங்காத விரல்களோடு டம்ளரை நீட்டினாள்.

"வேற கம்பெனி டீச்சர். பேப்பர் சுத்துற வேலதான், மருந்துப் பக்கம் போறதில்ல. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போலாம்னா வெரலு ஓட மாட்டேங்கு. இங்கன வேற என்ன வேல இருக்கு, நீங்களே சொல்லுங்க."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று டீ குடித்து முடிக்கிறவரை யோசித்தேன். அவள் கையை வாங்கி, விரலை மடக்கிப் பார்த்து, "இதுக்குத் தெனமும் எண்ணெய் தேய்ச்சுப் பயிற்சி செய்யணும்" என்றிருப்பீர்கள். நான் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். அவள் மகள் இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அம்மா வேனிலிருந்து இறங்குகிறவரை தெருமுனையில் நிற்பாளாம், ஒருநாளும் தவறாமல். உங்கள் மகள் சென்னைக்குப் போகவில்லை. அப்பாவோடு விருதுநகரிலேயே இருக்கிறாள்.

ஒன்றை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் வீட்டுக்காரரிடமும்கூட. அன்று என்னைப் போகச் சொல்லிவிட்டு, பின் கதவைச் சாத்தி, வண்டியின் கூரையில் இரண்டு தட்டு தட்டினீர்கள். உள்ளங்கையால், டவுன் பஸ் கண்டக்டர் 'போலாம்' என்று தட்டுவாரே, அப்படி. நீங்கள் ஓடினதை நான் பார்க்கவில்லை, பின்னால் நடந்ததையும் பார்க்கவில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த கடைசிச் சேதி அந்த இரண்டு தட்டுதான். இப்போதும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தபின் நான் உடனே கிளம்புவதில்லை. கியரைப் போட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு, கொஞ்சம் சும்மா இருக்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அப்புறம்தான் கிளட்சிலிருந்து காலை எடுக்கிறேன்.